மான் வேட்டைக்கு ட்ரீ ஸ்டாண்ட் எவ்ளோ உயரத்துல கட்டறது: 12 அடியா, 18 அடியா, 25 அடியா?

ஆகஸ்ட் கடைசி ஆயிட்டா எங்க பக்கம் இந்தப் பேச்சு ஆரம்பிச்சிடும். பெட்ரோல் பங்க்ல நின்னா கூட பக்கத்துல பிக்கப் ட்ரக்க நிறுத்தினவர் கேப்பாரு, இந்த வருஷம் எங்க உக்காரப் போற, மரத்துல ஸ்டாண்ட எத்தன அடியில போடறன்னு. நான் இருக்கறது பென்சில்வேனியாவோட நடுப்பகுதி, நீளநீளமா மலை முதுகு ஒண்ணு, பள்ளத்தாக்கு ஒண்ணுன்னு மாறி மாறி ஓடற பூமி. வேட்டைக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகுது, எதிர்வீட்டுப் பெரியவர்தான் கத்துக்குடுத்தாரு, அவரோட 40 ஏக்கர் நெலத்துலதான் நான் பெரும்பாலும் உக்காருவேன். இந்த ஒன்பது வருஷத்துல 10 அடியில இருந்து 28 அடி வரைக்கும் எல்லா உயரத்துலயும் உக்காந்து பாத்துட்டேன், அதுல ஒரு தடவ பெரிய தப்பும் பண்ணிருக்கேன், அதனால உயரம்ங்கற விஷயத்துல எனக்கு இப்ப ஒரு தெளிவான கருத்து இருக்கு. அத சொல்லணும்னுதான் இத எழுதறேன்.

ஊர்ல இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்த. நம்ம நாட்டுல 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் மான் வேட்டை குற்றம், அது அங்க சரியான சட்டம்தான், இங்க கத வேற. பென்சில்வேனியாவுல 1900 வாக்குல மான் கிட்டத்தட்ட இல்லாமயே போயிடுச்சு, 1895ல ஆரம்பிச்ச கேம் கமிஷன்ங்கற மாநில வனவிலங்கு அமைப்பு 1906ல இருந்து வெளி மாநிலத்துல இருந்து மான் கொண்டு வந்து விட்டு பெருக்கினாங்க, இன்னிக்கி ஓநாயும் கிடையாது, மான் பெருகி காட்டுல முளைக்கற கன்னு எல்லாத்தயும் மேஞ்சிடுது. அதனால சீசன், லைசன்ஸ், எத்தன மான், எந்த ஆயுதம்னு எல்லாத்துக்கும் கணக்கு வெச்சு வேட்டைய நடத்தறாங்க. முதல் தடவ லைசன்ஸ் வாங்கறவங்க ஹண்டர் ட்ராப்பர் எஜுகேஷன்ங்கற வகுப்பு முடிச்சே ஆகணும். கறி எங்க வீட்டு ஃப்ரீசர்ல ஒரு வருஷத்துக்கு வரும், மிளகு போட்டு வறுத்தா அதுக்கு ஈடே இல்ல.

ட்ரீ ஸ்டாண்ட்னா நம்ம பரண்தான். ஆனா நம்ம ஊரு பரண் காவலுக்கு, பன்னியையும் கிளியையும் சத்தம் போட்டு விரட்டறதுக்கு. பயிருக்கு மேல கண்ணு தெரிஞ்சா போதும், ஆனை வர்ற எடமா இருந்தா இன்னும் கொஞ்சம் ஒசத்திக் கட்டுவாங்க, அவ்ளோதான் கணக்கு. இங்க நம்மள யாரும் பாக்கவும் கூடாது, மோப்பம் புடிக்கவும் கூடாது, அதே சமயம் விடற அம்பு சரியான கோணத்துல போய் ஒரே நொடியில மான முடிக்கணும். இந்த மூணும் ஒண்ணுக்கொண்ணு இடிக்கும். மேல ஏற ஏற முதல் ரெண்டும் நல்லாகும், மூணாவது கெடும். உயரத்தப் பத்தின சண்டை மொத்தமும் இதுக்குள்ளதான் இருக்கு.

சரி, ஒவ்வொண்ணா பாக்கலாம், முதல்ல வில்ல வெச்சே பேசறேன், ஏன்னா ரைஃபிள்ல இந்தப் பிரச்சனை ரொம்பக் கம்மி.

12 அடிங்கறது நெறைய பேரு கேலி பண்ற உயரம். ஏணியோட சேந்து வர்ற லேடர் ஸ்டாண்ட் கடையில வாங்கினா பெரும்பாலும் 15ல இருந்து 20 அடிக்குள்ள வரும், 12 அடின்னா புள்ளைங்களுக்குன்னு நெனைப்பாங்க. உண்மையில அம்புக்கு இதவிட நல்ல உயரம் இல்ல. ஒரு கணக்கு சொல்றேன். நாம சொல்ற அடி மேடையோட உயரம், ஆனா நின்னு வில்ல இழுக்கும்போது அம்பு மேடைக்கு மேல 5 அடியில இருக்கு, மானோட நெஞ்சு தரையில இருந்து சுமாரா ரெண்டரை அடி. அப்ப மேடை உயரத்தோட ரெண்டரை அடி கூட்டினா அதுதான் நெஜமான உயர வித்தியாசம். சமதரையில 12 அடி மேடையில இருந்து 10 யார்டுல (ஒரு யார்டு மூணு அடி) நிக்கற மானுக்கு அம்பு போற சாய்வு 26 டிகிரி, 20 யார்டுன்னா வெறும் 14. 18 அடிக்கு போனா 10 யார்டுல 34, 20 யார்டுல 19. 25 அடியில 10 யார்டுக்கு 42, 20 யார்டுக்கு 25. 30 அடின்னா 10 யார்டுல 47ஐத் தாண்டிடும்.

இந்த டிகிரி ஏன் முக்கியம்னா மானோட நுரையீரல் ரெண்டும் நெஞ்சுக்கூட்டுக்குள்ள பக்கத்துல பக்கத்துல இருக்கு, அம்பு ஒரு பக்கம் நுழைஞ்சு ரெண்டையும் கிழிச்சு அந்தப் பக்கம் வெளிய வந்தா மான் நூறு யார்டு தாண்டறதே அபூர்வம், நல்லா ரத்தமும் கொட்டும், தேடறதும் சுலபம். சாய்வு கூடக் கூட மேல இருந்து பாக்கறப்ப முதுகெலும்பும் தோள் எலும்பும் குறுக்க வந்துடும், ரெண்டு நுரையீரலையும் சேத்துப் புடிக்கற எடம் சுருங்கிக்கிட்டே போகும், கொஞ்சம் தள்ளிப் பட்டா ஒரு நுரையீரல்தான். ஒரு நுரையீரலோட மான் ரொம்ப தூரம் போகும். அதோட அம்பு மேல நுழைஞ்சு கீழ வெளிய வராம நின்னுட்டா ரத்தம் உள்ளயே தேங்கிடும், தரையில சொட்டு கூட இருக்காது.

எனக்கு இது நடந்தது. நாலாவது சீசன், நவம்பர் நடு வாரம், ரட், அதாவது மான் இணை சேர்ற காலம், உச்சத்துல இருந்த நேரம். உயரம் போனா போதும் மான் பாக்காதுன்னு யாரோ சொன்னத நம்பி ஒரு நெட்டுக்குத்தா நின்ன ட்யூலிப் பாப்லர் மரத்துல 28 அடியில ஹேங்-ஆன், அதாவது பட்டையால மரத்துல கட்டித் தொங்க விடற ஸ்டாண்ட், மாட்டிருந்தேன். எட்டு கிளைக் கொம்போட ஒரு பக் (ஆண் மான்), பொட்ட மான் போன தடத்த மோந்துக்கிட்டே நேரா என் மரத்தடிக்கு வந்துச்சு, 6 யார்டு. கை நடுங்கிச்சு, காத்திருந்திருக்கணும், காத்திருக்கல. 6 யார்டு, 28 அடி மேடைன்னா சாய்வு கிட்டத்தட்ட 60 டிகிரி. அம்பு முதுகெலும்புக்கு ஒரு பக்கமா மேல நுழைஞ்சுது, வெளிய வரல. அன்னிக்கி சாயந்தரம் வரைக்கும், அப்புறம் அடுத்த நாள் மதியம் வரைக்கும் பெரியவரும் நானும் மண்டி போட்டு இலையத் திருப்பித் திருப்பிப் பாத்தோம், முதல் 40 யார்டுக்கு அப்புறம் ஒரு சொட்டு இல்ல. அந்த மான் கெடைக்கவே இல்ல. எங்கயோ போய் நேரம் எடுத்து செத்திருக்கும். அதுக்கப்புறம் அந்த வருஷம் நான் வில்லயே தொடல. பெரியவர் திட்டல, அந்த மரத்தப் பாத்துட்டு, இவ்ளோ உயரம் எதுக்குன்னு மட்டும் கேட்டாரு, எங்கிட்ட பதில் இல்ல.

அதனால வில்லுக்கு 25 அடிக்கு மேல போறத நான் ஒத்துக்கறதே இல்ல. போறவங்க இருக்காங்க, நல்லா சுடறவங்களும் இருக்காங்க, அவங்க 20, 25 யார்டு தள்ளி நிக்கற மான மட்டும் சுடுவோம்னு கட்டுப்பாடா இருப்பாங்க. அந்தக் கட்டுப்பாடு இருக்கறவங்களுக்கு 25 அடி ஆகாத உயரம் இல்ல. ஆனா பென்சில்வேனியா காட்டுல மான் நம்ம சொல்ற எடத்துல வந்து நிக்காது.

உயரத்துல இருந்து சுடறவங்க இன்னொண்ணும் தெரிஞ்சுக்கணும். 25 அடியில இருந்து தரையில 20 யார்டு தள்ளி நிக்கற மான் சாய்வாப் பாத்தா 22 யார்டு, 10 யார்டுல நிக்கறது 13 யார்டுக்கு மேல காட்டும். ஆனா அம்பு விழற கணக்கு தரையோட தூரத்த வெச்சுத்தான். சாய்வ கணக்குல எடுத்துக்கற ரேஞ்ச்ஃபைண்டர் (தூரம் அளக்கற கருவி) இல்லன்னா ஸ்டாண்ட்ல ஏறினதும் மட்டமா பக்கத்து மரங்கள அளந்து வெச்சுக்கங்க. சுடும்போது கைய மட்டும் கீழ எறக்காம இடுப்புல இருந்து வளையணும், இல்லன்னா அம்பு மேல போகும். வீட்டுத் தோட்டத்துல தரையில நின்னு மட்டும் ப்ராக்டிஸ் பண்ணிட்டு நேரா 20 அடியில போய் உக்காராதீங்க, ஒரு தடவயாவது அதே உயரத்துல இருந்து டார்கெட்ட சுட்டுப் பாக்கணும், விழாம புடிக்கற பட்டையான ஹார்னஸும் குளிர்கால ஜாக்கெட்டும் போட்டுக்கிட்டு.

இப்ப அடுத்த பக்கம். ஏன் எல்லாரும் மேல போறாங்க? மானோட கண்ணு. எங்க பக்கம் இருக்கற வெள்ள வாலு மான், அதான் வைட்டெயில், அதுக்கு கண்ணு தலையோட ரெண்டு பக்கமும் இருக்கு, தலைய திருப்பாமயே சுத்திவர கிட்டத்தட்ட 300 டிகிரி பாக்கும். கண்மணி படுக்கவாட்டுல நீளமா இருக்கும், அதனால அடிவானத்த ஒட்டின பட்டைய ஒரே நேரத்துல நல்லா பாக்கும். சிவப்பும் ஆரஞ்சும் அதுக்கு சரியா பிரியாது, நீலம் நல்லாத் தெரியும், மங்கல் வெளிச்சத்துல அசைவ புடிக்கறதுல நம்மளவிட பல மடங்கு கெட்டி. 12 அடியில இருந்தா அந்தப் பட்டைக்குள்ள நாம விழறோம், 18, 20 போனா கொஞ்சம் மேல. ஆனா மான் மேல பாக்கவே பாக்காதுன்னு சொல்றது சுத்தப் பொய். வேட்டை அழுத்தம் இருக்கற எடத்துல வயசான பொட்ட மான் மரம் மரமா அண்ணாந்து பாத்துட்டு வரும், நான் 22 அடியில இருந்தும் அதோட கண்ணுல மாட்டிக்கிட்டிருக்கேன், கால அடிச்சுக்கிட்டே சீறிட்டு ஓடுச்சு, குட்டி ரெண்டும் பின்னாடியே.

அன்னிக்கி நான் மாட்டிக்கிட்டதுக்கு உயரம் காரணமில்ல. பின்னாடி ஒண்ணும் இல்லாத மொட்டை மரம், எனக்குப் பின்னாடி வெளுத்த வானம். வெள்ளத் துணியில மை சிந்தின மாதிரி உக்காந்திருந்திருக்கேன். அதே நெலத்துல 13 அடியில ஒரு ஹெம்லாக், பக்கத்துலயே ரெண்டு மரம் ஒட்டி நிக்கும், கிளை அடர்த்தியா பச்சையா இருக்கும், அங்க எனக்கு 8 யார்டுல ஆறு மான் பத்து நிமிஷம் மேஞ்சிட்டுப் போயிருக்கு, ஒண்ணு கூட நிமிரல. பின்னாடி மறைப்பு இருந்தா 13 அடி, மறைப்பு இல்லாத 22 அடிய அடிச்சிடும். அதனால மரத்த தேடும்போது எவ்ளோ ஒசரம் ஏறலாம்னு பாக்காதீங்க, எந்த ஒசரத்துல கிளையும் இலையும் முதுகுக்குப் பின்னாடி இருக்குன்னு பாருங்க, அந்த ஒசரம்தான் உங்க ஒசரம். ஓக்கும் பீச்சும் காஞ்ச இலைய நவம்பர் தாண்டியும் பிடிச்சு வெச்சிருக்கும், மேப்பிளும் பாப்லரும் அக்டோபர் கடைசியிலயே மொட்டை. செப்டம்பர்ல கட்டறப்ப சூப்பரா மறைஞ்சிருக்கற மேப்பிள், ரட் வர்றப்ப வெறும் குச்சியா நிக்கும், இதுல ஏமாந்து போறவங்க ஏராளம். இதுக்கு நேர் எதிரான விஷயமும் உண்டு, அக்டோபர் முதல் வாரத்துல 25 அடி ஏறினா கீழ இருக்கற இலைக் கூரை மொத்தப் பார்வையையும் மறைச்சிடும், மான் நடக்கற சத்தம் மட்டும் கேக்கும்.

மோப்பத்துல உயரம் கொஞ்சம் உதவும், நெனைக்கற அளவுக்கு இல்ல. காத்து சீரா அடிக்கறப்ப உயரத்துல இருந்து போற நம்ம வாசனை கிட்ட நிக்கற மானோட தலைக்கு மேல போயிடும், ஆனா எங்கயோ தள்ளி தரையத் தொடத்தான் செய்யும், நாம பாக்காத எடத்துல ஒரு மான் அத மோந்துட்டு வந்த வழியே திரும்பிடும். காத்து இல்லாத நாள்ல தெர்மல்தான் எல்லாம். காலையில வெயில் பட்டு தரை சூடானதும் காத்து சரிவுல மேல ஏறும், சாயந்தரம் குளிர ஆரம்பிச்சதும் தண்ணி மாதிரி கீழ எறங்கி ஓடைப் பக்கம் போய் தேங்கும். 25 அடியில இருந்தாலும் சாயந்தரம் அது மரத்த ஒட்டிக்கிட்டே தரைக்கு எறங்கிடும். அதனால எங்க மாதிரி சரிவு நெலத்துல காலையில மான் தடத்துக்கு மேல உக்காரணும், சாயந்தரம் தடத்துக்கு கீழ.

இங்கதான் உயரக் கணக்கு மொத்தமா மாறுது, நெறைய பேரு கவனிக்காதது இதத்தான். சரிவு 20 டிகிரின்னு வெச்சுக்கங்க, எங்க மலை முதுகுல அது சாதாரணம். காலையில நான் தடத்துக்கு மேல 20 யார்டு தள்ளி ஒரு மரத்துல இருக்கேன். அந்த 20 யார்டுக்குள்ள நெலமே 22 அடி எறங்கிடுது. அப்ப 12 அடி மேடையில இருந்தே சாய்வு 31 டிகிரி. சமதரையில 30 அடி ஏறினாக் கூட 20 யார்டுக்கு 28 டிகிரிதான் வரும், அதவிட அதிகம் இது! அங்க போய் 25 அடி ஏறினா 39 டிகிரி. எனக்கு மேல் சரிவுல 12, 13 அடி தாராளம். அதுக்கு மேல ஏறறது அம்புக்கு கெடுதல் மட்டும்தான்.

சாயந்தரம் இதுக்கு தலைகீழ். நான் கீழ, மான் மேல இருந்து எறங்கி வருது. 18 அடி மேடையில உக்காந்திருக்கற என் கண்ணு தரையில இருந்து 22 அடி, மேல 20 யார்டுல நிக்கற மானோட காலு இருக்கற மட்டமும் 22 அடி. அதாவது நான் அதோட கண்ணுக்கு கீழ இருக்கேன், நேருக்கு நேர் பாத்துக்கிட்டு. இங்க 25 ஏறினாலும் பெருசா தப்பிக்க முடியாது, நாலஞ்சு அடிதான் அதுக்கு மேல. அப்ப மேல் சரிவுப் பக்கம் நல்ல தண்டு ஒண்ணு நமக்கும் மானுக்கும் நடுவுல இருக்கற மாதிரி ஸ்டாண்ட மரத்தோட மறுபக்கம் திருப்பி மாட்டணும், மான் பக்கவாட்டுல தாண்டினதும் சுடற மாதிரி கிளைய ஒதுக்கி வெச்சுக்கணும். இந்த எடத்துல 18ல இருந்து 20 அடி, பச்சை மறைப்போட. உயரத்த கூட்டி சரி பண்ண முடியாத எடம் இது, மறைப்ப வெச்சுத்தான் சரி பண்ண முடியும்.

மக்காச்சோளக் காட்டு ஓரம், சமதரை ஓக் காடு, இங்கெல்லாம் கேட்டா கண்ண மூடிக்கிட்டு 16ல இருந்து 18னு சொல்லுவேன். வெள்ள ஓக் காய் கொட்டற மரம் பக்கத்துல இருந்தா அந்த மரத்துலயே ஏறாதீங்க, அதுக்கு 18, 20 யார்டு தள்ளி ஏறுங்க, மான் அடியில வந்து நின்னா சாய்வு கெட்டுடும், மேயற மான் நிமிரும்போது கண்ணும் நேரா நம்ம மேல.

ரைஃபிள் சீசன் தேங்க்ஸ்கிவிங்குக்கு (நவம்பர் நாலாவது வியாழன்) அடுத்து வர்ற சனிக்கிழமை தொடங்குது, 2019க்கு முன்னாடி அது திங்கக்கிழமை, அன்னிக்கி பள்ளிக்கூடத்துக்கே லீவு விடற ஊருங்க இங்க உண்டு. அப்ப தூரம் 50, 100 யார்டுன்னு போயிடும், சாய்வு ஒரு பொருட்டே இல்ல. உயரம் அங்க வேற ரெண்டு விஷயத்துக்கு வேணும். மவுண்டன் லாரல் புதருக்கு மேல பாக்கணும், அதுக்கு 15 அடி போதும். ரெண்டாவது, குண்டு கீழ நோக்கிப் போய் மண்ணுல எறங்கணும், தரையில நின்னு சுட்டா தவறின குண்டு எங்க போய் நிக்கும்னு சொல்ல முடியாது. பக்கத்துல இன்னும் பத்து வேட்டைக்காரங்க இருக்கற காட்டுல இது ரொம்பப் பெரிய விஷயம். ஆரஞ்சு சட்டைய பத்தி கவலையே வேணாம், மானுக்கு அது தெரியாது, மத்த மனுஷங்களுக்குத் தெரியணும், 250 சதுர இன்ச்சு தலையிலயும் நெஞ்சுலயும் முதுகுலயும் சேத்து, மரத்துல இருந்தாலும் போட்டே ஆகணும்.

எந்த வகை ஸ்டாண்டுங்கறது உயரத்த பாதி முடிவு பண்ணிடும். லேடர் ஸ்டாண்ட் அதோட உயரம் என்னவோ அதான், ரெண்டு மூணு பேர் இல்லாம நிமித்தக் கூடாது, ஆனா ஏறி எறங்க இதான் நிம்மதி. மரத்தப் புடிச்சுக்கிட்டு நம்மளோடயே மேல ஏறற க்ளைம்பர்ல நெனச்ச ஒசரத்துல நிறுத்தலாம், ஆனா கிளையே இல்லாத நேரான மரம் வேணும், அந்த மாதிரி மரத்துல மறைப்பும் இருக்காது, அதனாலதான் க்ளைம்பர் வெச்சிருக்கறவங்க மேல மேல போய்க்கிட்டே இருக்காங்கன்னு நெனைக்கறேன். மேல போகப் போக தண்டு சிறுத்துடும், கீழ மட்டமா இருந்த மேடை மேல போனதும் முன்னாடி சரிஞ்சு நிக்கும், அதுக்கு கீழயே கொஞ்சம் முன்பக்கத்த தூக்கி மாட்டிட்டு ஏறணும். ஹேங்-ஆனும், மரத்துல ஏற கட்டற துண்டு ஏணியான க்ளைம்பிங் ஸ்டிக் நாலும்தான் என் கைக்கு ஒத்து வருது, 18 அடி வாக்குல தானா நின்னுடும், வளைஞ்ச மரம், கிளை உள்ள மரம் எதுலயும் மாட்டலாம். மேடை இல்லாம இடுப்புல கட்டி மரத்துல தொங்கற சேடில் இப்ப இளசுங்க கிட்ட பரவலா ஆயிட்டு வருது, மரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கலாம்ங்கறதால கம்மி உயரத்துலயே வேலை நடக்குது, என் முழங்காலுக்கு அது சரிப்படல.

அரசாங்க நெலமான ஸ்டேட் கேம் லேண்ட்ஸ்ல போடறதா இருந்தா மரத்துல ஆணி அடிக்கறதோ கிளை வெட்டறதோ கூடாது, முதல் மான் சீசனுக்கு ரெண்டு வாரம் முன்னாடி போட்டு கடைசி சீசன் முடிஞ்சு ரெண்டு வாரத்துக்குள்ள எடுத்துடணும், பேர் விவரம் எழுதின டேக் ஒண்ணு தொங்கணும். கிளை வெட்டக் கூடாதுங்கறதால அங்க இயற்கையாவே சந்து இருக்கற உயரத்தத்தான் தேட வேண்டியிருக்கும், 14 அடியில கிடைச்சா 14தான்.

விழறத பத்தி இதுவரைக்கும் பேசல. தனியா பேசணும்னுதான் விட்டு வெச்சேன். 12 அடியில இருந்து விழுந்தா தரைய தொடும்போது வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர், 18 அடின்னா 37, 25 அடின்னா 44. 18 அடி விழறதுக்கு ஒரே ஒரு செகண்ட்தான் ஆகும், எதையும் புடிக்க நேரம் கிடையாது. 12 அடின்னா பரவால்லன்னு நெனைக்காதீங்க, முதுகுத்தண்டு ஒடைய 10 அடி போதும். அதனால உயரம் கம்மின்னு ஹார்னஸ் போடாம ஏறறது, உயரம் ஜாஸ்தின்னா மட்டும் பயந்து போடறது, ரெண்டுமே தப்பான கணக்கு. எந்த ஒசரமா இருந்தாலும் முழு உடம்பு ஹார்னஸ், காலு தரையில இருக்கும்போதே மேல இருந்து தரை வரைக்கும் தொங்கற லைஃப்லைன் கயித்துல, இழுத்தா இறுகற புருசிக் முடிச்சோட மாட்டிக்கிட்டு ஏறணும். ஏறும்போதும் எறங்கும்போதும், ஸ்டிக்ல இருந்து மேடைக்கு காலெடுத்து வைக்கும்போதும்தான் ஆளுங்க விழறாங்க, ஹண்டர் எஜுகேஷன்ல இத திரும்பத் திரும்ப சொல்லுவாங்க. உக்காந்ததுக்கு அப்புறம் மாட்டிக்கறவங்க ஆபத்தான பாதிய தாண்டினதுக்கு அப்புறம்தான் மாட்டறாங்க. ஹார்னஸ மரத்தோட இணைக்கற டெதர் தலைக்கு மேல, உக்காந்தா தொய்வே இல்லாத அளவுக்கு இருக்கணும். வில்லும் துப்பாக்கியும் கயித்துல கட்டி அப்புறமா இழுக்கணும், துப்பாக்கின்னா குண்டு எடுத்துட்டு.

உயரம் கூடினா இன்னொரு ஆபத்து கூடுது, அது அவ்ளோவா யோசிக்காதது. ஹார்னஸ் உங்கள புடிச்சு நிறுத்திடுச்சு, சரி, அப்புறம்? தொங்கறப்ப தொடையில பட்டை இறுக்கி ரத்தம் காலுலயே தேங்க ஆரம்பிக்கும், நேரம் போகப் போக மயக்கம், அதுக்கு மேல உயிருக்கே ஆபத்து. அதுக்குத்தான் கால ஊன்றதுக்கு ஒரு ரிலீஃப் ஸ்ட்ராப் ஹார்னஸோட வரும், அது எந்தப் பாக்கெட்ல இருக்குன்னு இருட்டுலயும் கை போகணும். ஃபோன் நெஞ்சுப் பாக்கெட்ல இருக்கணும், பைக்குள்ள இல்ல. 13 அடியில தொங்கினா பெரியவர் வீட்டு ஏணி எட்டும். 28 அடியில தொங்கினா வாலண்டியர் ஃபயர் கம்பெனி, அதாவது ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படைதான் வரணும், அவங்க அந்தக் காட்டுக்குள்ள ஏணியோட நடந்து வர்ற நேரத்த கணக்குப் போட்டுப் பாருங்க. எந்த மரம், எப்ப எறங்குவேன்னு வீட்டுல எழுதி வெச்சிட்டுத்தான் நான் கெளம்பறது, என் மனைவி சாயந்தரம் இருட்டி அரை மணி தாண்டினா ஃபோன் பண்ணிடுவா.

மரம் உயிரோட இருக்கான்னு பாருங்க. ஆஷ் மரத்துல போடவே போடாதீங்க, எமரால்டு ஆஷ் போரர்னு ஒரு வண்டு 2002ல மிச்சிகன்ல தெரிய வந்து 2007ல எங்க மாநிலத்துக்கும் வந்துடுச்சு, இப்ப எங்க பாத்தாலும் செத்த ஆஷ்தான் நிக்குது, பாக்க நேரா அழகா இருக்கும், உள்ள மக்கி மொடமொடன்னு ஆயிருக்கும். ஹெம்லாக்லயும் வெள்ளப் பஞ்சு மாதிரி பூச்சி புடிச்சிருக்கான்னு இலைக்கு அடியில திருப்பிப் பாக்கணும். ஸ்ட்ராப்ப வருஷம் பூரா மரத்துலயே விட்டா வெயில்ல நைஞ்சு, அணில் கடிச்சு, மரம் பெருத்து இறுக்கி ஒண்ணும் இல்லாம ஆயிடும், சீசன் முடிஞ்சா கழட்டிடுங்க.

எல்லாத்தயும் சேத்து இந்த வருஷம் நான் எடுத்த முடிவு இது. காலைக்கு மேல் சரிவுல ஒரு செஸ்ட்நட் ஓக், தடத்துக்கு 18 யார்டு மேல, மேடை 13 அடியில. ஸ்டிக் மூணு மாட்டிட்டேன், எறங்கறப்ப காலுக்கு தெம்பா இருக்கட்டும்னு. சாயந்தரத்துக்கு ஓடைக்குப் பக்கத்துல அந்த ஹெம்லாக் ஜோடி, முன்னாடி 13ல இருந்தத 19க்கு ஏத்தறேன், ஏன்னா மேல் பக்க லாரல் புதரு போன குளிர்ல பாதி செத்துடுச்சு, மறைப்பு கொறஞ்சிருக்கு, 19 அடியில ஒரு தடிச்ச கிளை சரியா என் தோளுக்கு வருது. அந்த 28 அடி பாப்லர்ல இருந்த ஸ்டாண்ட போன மாசம்தான் முழுசா எறக்கினேன், அஞ்சு வருஷமா அதத் தொட மனசு வரல.

பெரியவருக்கு இப்ப 76. இடுப்பு ஆபரேஷன் ஆயிடுச்சு, ஆனா சீசன விட மாட்டேங்கறாரு. அவருக்கு சோளக் காட்டு ஓரத்துல தரையில ஒரு ப்ளைண்ட், அதாவது ஒளிஞ்சு உக்கார்ற மறைப்பு, போடலாம்னு நான் சொன்னேன், அவருக்கு மனசில்ல, கொஞ்சமாவது மேல இருந்து பாக்கணுமாம். கடைசியில 10 அடி லேடர் ஸ்டாண்ட்னு ஒத்துக்கிட்டாரு, லைஃப்லைன் கட்டாயம்னு நானும் ஒத்துக்க வெச்சிட்டேன். வர்ற சனிக்கிழமை அவரு பேரனும் நானும் போய் அத நிமித்தி, ரெண்டு பக்கமும் கைப்பிடி வெச்சு, பின்னாடி சீடர் கிளை கட்டி மறைக்கணும். அந்த மூலைக்கு நவம்பர்ல மேற்கு காத்து அடிக்கும், சோளத்துல இருந்து வர்ற மான் அவருக்கு 20 யார்டுல நேரா தாண்டும்.